வெறுந்தாளின் நிறை

முதலில் வெறுந்தாளை நிறுக்க வேண்டும்.
ஓர்ஸ்ஹில் ஆய்வுகூடத்தில்
மின்விசிறியை நிறுத்தி,
மூச்சையும் கொஞ்சம் நிறுத்தி.
தொண்ணூற்றிரண்டு மில்லிகிராம்.
எழுதிக்கொள்கிறேன்.

பிறகுதான் ஆறு.

கங்கைப் பாலத்தின் கீழே
ஹிதாயா கயிற்றில் இறக்கி மொண்ட போத்தல்,
பால் குறைவாய் விட்ட தேத்தண்ணி நிறத்தில்,
ஒரு லீற்றர்.
வடித்து, உலர்த்தி, மறுபடி நிறுத்தால்
முந்நூற்று ஏழு.
ஆக, இருநூற்றுப் பதினைந்து மில்லிகிராம் மலை.

எந்த மலை என்று தாள் சொல்லாது.
தேயிலைச் சரிவில் புல்லுச் சுரண்டிய இடமா,
றோட்டுக்காக வெட்டிய கரையா,
நுண்ணோக்கியில் எல்லாம் ஒரே மினுக்கம்.

போன மார்கழியில் ஒரு போத்தல்
நாலாயிரத்தைத் தாண்டியது.
தராசு பிழையென்று இரண்டுதரம் நிறுத்தேன்.
தராசு பிழையில்லை.
"மேலே என்னவோ நடந்திருக்கு" என்றாள் ஹிதாயா.
இரவுச் செய்தியில்
லயம் இருந்த இடத்தைக் காட்டினார்கள்.
சிவப்பாய், ஈரமாய், வழுவழுப்பாய் இருந்தது.
அந்தத் தாளை நான் இன்னும் எறியவில்லை.

கொட்டியாரக் குடாவில் ஆழம் பார்க்கப் போன நாள்
கருவி பழுது.
இருதயநாதன் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினார்.
ஏழு பாகம், சேறு.
ஒன்பது பாகம், சேறு.
வடக்கே கொஞ்சம் தள்ளிப் போனதும்
கயிறு முடிந்தது, குண்டு தொடவில்லை.
நுனியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்,
பூட்டிய வீட்டைத் தட்டிவிட்டு நிற்பவர் மாதிரி.

அங்கேதான் இறங்குகிறது மலை.
வாயருகே கொஞ்சம் நிலம் கட்டிவிட்டு
மிச்சத்தையெல்லாம் இருட்டுக்குள் கொட்டுகிறது கங்கை.

அந்தப் பள்ளத்தை ஆறு மட்டும் தோண்டவில்லை.
முன்னொரு காலம் இந்தக் கரைக்கு எதிரே கடல் இல்லை.
இன்று பனிக்குள் கிடக்கும் கண்டம்
தோளோடு தோள் ஒட்டி நின்றது.
பிறகு விலகியது,
ஓர் ஆயுளுக்கு ஒரு சேலை நீளம்.
கிழிந்தது நேராகக் கிழியவில்லை.
நூல் பிரிந்த ஓரிடத்தைத்
தண்ணீர் கண்டுபிடித்துக்கொண்டது.

கோணமலைக்குக் கீழே படகு திரும்புகையில்
மேலே பூசைமணி.
பாறை முழுக்க வரிவரியாய்,
ஒவ்வொரு வரியும் ஒருகாலத்து மணல்.
யாரும் நிறுக்காத ஆறுகள்
பெயரில்லாத கடலொன்றில் கொண்டுவந்து போட்டவை.
புதைந்து, அமுங்கி, வெந்து,
எழும்பி நிற்கிறது செங்குத்தாய்.
"இராவணன் வெட்டு" என்று கை காட்டினார் இருதயநாதன்.
நான் விரிசல் என்றேன்.
நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில்
ஓர் அலை உள்ளே போய்
ஒரு பிடி மணலோடு வெளியே வந்தது.

கன்னியாவில் எரிமலை ஏதும் இல்லை.
அது மழைதான்.
விரிசல் வழியே இறங்கி,
கீழே நெடுநாள் தங்கிச் சூடேறித் திரும்பிய மழை.
செத்தவீட்டுக்காரர் அதை வாளியில் மொண்டு
தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள்.

ஹிதாயா கிண்ணியாவில் வீடு கட்டுகிறாள்.
ஆத்துமணல் பதினொரு லொறி.
"இதை உங்கட தராசில நிறுங்களேன்" என்று சிரித்தாள்.
பகிடிக்குத்தான் சொன்னாள்.
நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.
நாற்பது கோடிப் போத்தல்.
அவளுக்கு இரண்டு அறை, ஒரு விறாந்தை.

இன்று புதுப் பெட்டித் தாள்.
விசிறியை நிறுத்தியாயிற்று.
தாளின் மேல் ஒன்றுமில்லை, ஆனாலும்
எண் நிற்க மாட்டேன் என்கிறது.
தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றொன்று.
வெளியே மணல் லொறியொன்று
ஏற்றத்தில் கியர் மாற்றுகிறது.
மேசை, சுவர், என் முழங்கை எல்லாம் நடுங்குகின்றன.

பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு
அது போகும்வரை இருந்தேன்.